கணக்கில் சேராத வருடங்கள்

எமது புலம்பெயர் எழுத்தில் பனி நிறைய உண்டு. அகதி விண்ணப்பம் உண்டு, உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவும் தொட்டி உண்டு, நிலக்கீழ் ரயில் உண்டு. மணல் மிகக் குறைவு. பாரிஸிலும் பேர்லினிலும் ரொறொன்ரோவிலும் இருந்து எழுதியவர்கள் சிலர் அங்கு வந்து சேர்வதற்கு முன்னர் குவைத்திலும் டுபாயிலும் சவூதியிலும் வருடக்கணக்கில் வேலை செய்தவர்கள். ஆனாலும் அந்த வருடங்கள் அவர்களது எழுத்தில் ஒரு வரியாகவே வந்து போயின. இதற்கு ஒரு காரணம் வெளிப்படையானது. வளைகுடாவின் ஆறு அரசுகளில் ஒன்றேனும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் இணையவில்லை. அங்கே நாங்கள் அகதிகளாக இருந்ததில்லை, இருக்கவும் முடியாது. 1983 ஜூலையிலும் அங்கே நாங்கள் தொழிலாளர்தான். ஒப்பந்தம் முடிந்தால் விமானச்சீட்டு கட்டுநாயக்காவுக்கு. அகதி என்ற சொல் இல்லாத இடத்தில் அகதிக் கதையும் இல்லை என்று நாமே தீர்மானித்துவிட்டோம் போலும்.

இங்கு எழுத எடுத்துக்கொண்டது அந்த வாழ்வின் ஒரு பகுதியை மட்டுமே: பல்கலைக்கழகம் புகுதல். யாழ்ப்பாணத்தில் எமக்கு மூடப்பட்ட ஒரு கதவும், அதன்பின் வளைகுடாவில் பிறந்து வளர்ந்த எமது பிள்ளைகளுக்கு முன்னால் நின்ற பல கதவுகளும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன என்பது எமது எண்ணம். எவ்வளவு புள்ளி என்பதல்ல அந்தக் கேள்வி.

1971இன் எண்களை எமது தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நானூறு புள்ளிக்கு மருத்துவத்துக்குச் சிங்கள மொழி மூலம் 229, தமிழ் மொழி மூலம் 250. பேராதனைப் பொறியியலுக்கு 227, 250. பௌதிக விஞ்ஞானத்துக்கு 183, 204. கந்தசஷ்டி கவசம் மனப்பாடமாக இருந்த வீடுகளில் இந்த எண்களும் மனப்பாடமாயின. கல்வி அமைச்சர் பதியுத்தீன் மஹ்மூத். அரசு சிறிமாவோ தலைமையிலான ஐக்கிய முன்னணி அரசு. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல், 1974இல் மாவட்ட ஒதுக்கீடு. விஞ்ஞானம் சார்ந்த துறைகளில் 1970இல் 35.3 வீதமாக இருந்த தமிழர் பங்கு 1975இல் 19 வீதமாயிற்று. 1977இல் ஆட்சி மாறித் தரப்படுத்தல் நீங்கிற்று என்றார்கள். மாவட்ட முறை வேறு விகிதத்தில் திரும்பி வந்தது.

இந்தக் கதையை நாங்கள் எப்போதும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவோம். நிறுத்தினால்தான் அது எமக்கு வசதியான கதை. மாவட்ட ஒதுக்கீட்டால் மன்னாரிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் திருகோணமலையிலும் முன்னர் பல்கலைக்கழக வாசலைக் காணாத பாடசாலைகளிலிருந்து சில பிள்ளைகள் உள்ளே போனார்கள். அவர்களும் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும்தான். பெரிய கல்லூரிகளும் ரியூட்டரிகளும் குவிந்திருந்த யாழ்ப்பாணம் இழந்ததில் ஒரு சிறு பங்கு வன்னிக்கும் கிழக்குக்கும் போயிற்று. மொழிவாரித் தரப்படுத்தலை அநீதி என்று சொல்ல எமக்குத் தயக்கமில்லை. ஒரே கேள்வித்தாளுக்கு எழுதிய விடையை மொழி பார்த்து நிறுப்பது அநீதிதான். மாவட்ட ஒதுக்கீட்டை அதே மூச்சில் சேர்த்துச் சபிப்பது வேறு விஷயம். அதைச் செய்தபோது நாங்கள் யாழ்ப்பாணத்தையே தமிழினம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

மாவட்ட முறை ஒரு புதிய கேள்வியையும் கொண்டுவந்தது: நீ எந்த மாவட்டத்தவன்? பிறந்த இடமா, பெற்றோர் இருக்கும் இடமா, சோதனை எழுதிய இடமா? நாளடைவில் விடை திட்டமாயிற்று. உயர்தரச் சோதனைக்கு முந்திய மூன்று வருடம் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தாய் என்பதே கணக்கு. யாழ்ப்பாணத்துத் தகப்பன்மார் இதைப் புரிந்துகொள்ள அதிக காலம் எடுக்கவில்லை. பிள்ளையைக் காலத்தோடு வவுனியாவிலோ மன்னாரிலோ உறவினர் வீட்டில் விட்டுப் படிப்பித்தவர்கள் உண்டு. புள்ளி குறையாமல் இருப்பதற்கு ரியூசன். வெட்டுப்புள்ளி குறைவதற்கு இடமாற்றம். மூன்று வருடம் என்ற இந்த எண்ணை வாசகர் நினைவில் வைத்திருக்கட்டும். அது வேறு நாடுகளில் மறுபடி வரும்.

ஐக்கிய அரபு இராச்சியம் பிறந்தது 1971 டிசம்பர் 2இல். எண்ணெய் விலை நாலு மடங்காக ஏறியது 1973 ஒக்டோபருக்கும் 1974 தொடக்கத்துக்கும் இடையில். பேராதனையின் கதவு ஒடுங்கியதும் அபுதாபியின் கதவு திறந்ததும் ஒன்றையொன்று அறியாமல் நடந்த சங்கதிகள். ஆனால் இரண்டுக்கும் இடையில் ஒரு தலைமுறை நடந்து போயிற்று. 1977க்குப் பின் கடவுச்சீட்டு எடுப்பதும் அந்நியச் செலாவணி பெறுவதும் இலகுவானபோது அந்த நடை வேகமாயிற்று. கட்டுபெத்தையில் டிப்ளோமா முடித்தவர்கள், யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியில் படம் வரையப் படித்தவர்கள், கணக்குப் பதிவு தெரிந்தவர்கள், ஏ லெவலில் நாலு பாடம் சித்தியடைந்தும் வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றவர்கள். டிராப்ட்ஸ்மன், குவான்ரிற்றி சேவையர், ஸ்ரோர் கீப்பர், எக்கவுண்ட்ஸ் கிளார்க் என்று வேலை விசாவில் எழுதப்பட்டது. டாக்டராக வேண்டியவன் என்று ஊரார் சொன்ன ஆள் டுபாய்த் துறைமுகத்தில் கொள்கலன் எண்ணினார். அதைக் கேவலம் என்று சொல்ல மாட்டோம். அந்தக் காசில்தான் தங்கைமாரின் சீதனமும் தம்பிமாரின் ஜேர்மனிப் பயணமும் நடந்தன.

அவர்கள் சோதனையை விட்டுவிடவும் இல்லை. ஓர் அறையில் ஆறு பேர் கட்டில் போட்டுப் படுக்கும் இடத்தில், மற்றவர்கள் வீடியோவில் படம் பார்க்கும் நேரத்தில், சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து சி.ஐ.எம்.ஏ. படித்தவர்கள் இருந்தார்கள். பிரித்தானியப் பொறியியற் சபையின் முதலாம் பகுதி, இரண்டாம் பகுதி என்று வருடக்கணக்காக இழுத்து முடித்தவர்கள் இருந்தார்கள். லண்டன் பல்கலைக்கழகம் 1858இலிருந்து வெளிவாரியாகப் பட்டம் கொடுத்து வந்தது. வகுப்புக்கு வராதவரும் சோதனை எழுதலாம். 1921இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியே 1942 வரை அந்த லண்டன் பட்டத்துக்குத்தான் மாணவரைத் தயார் செய்தது. ஆகவே எமது பாட்டன்மாருக்குப் பழக்கமான வழிதான் இது. எந்த மாவட்டம், எந்த மொழி, கடந்த மூன்று வருடம் எங்கே இருந்தாய் என்று கேட்காத சோதனை அது ஒன்றுதான் என்று நினைக்கிறோம். காசு கட்டினாயா, விடை எழுதினாயா, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் சேர்டிபிக்கற்றுக்கு இருந்த மரியாதை தனியாக எழுத வேண்டியது. வளைகுடாவில் ஒரு சான்றிதழ் தன் சொந்தப் பலத்தில் நிற்காது. கொழும்பில் பரீட்சைத் திணைக்களம் உண்மைதான் என்று உறுதி செய்ய வேண்டும், பிறகு வெளிநாட்டமைச்சின் கொன்சுலர் பிரிவு முத்திரை, பிறகு அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரை, போய் இறங்கியபின் அங்குள்ள வெளியுறவு அமைச்சின் முத்திரை. கடைசியில் தாளின் முன்பக்கத்தில் ஏ லெவல் பெறுபேறு. பின்பக்கம் முழுக்க முத்திரைகள். 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது பலரது கையில் இருந்த பையில் நகையும் இந்தத் தாள்களும்தான் இருந்தன. நகை போனால் செய்துகொள்ளலாம், தாள் போனால் கொழும்புக்குப் போக வேண்டும். கொழும்புக்குப் பாதை இல்லை.

இவ்வளவும் சொல்லும்போது 'நாங்கள்' என்ற சொல்லை ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இலங்கையிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களில் ஒரு நீண்ட காலம் மிகப் பெரும் தொகையினர் பெண்கள்; வீட்டுப் பணிப்பெண்கள். கிழக்கின் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் மலையகத் தோட்டங்களிலிருந்தும் போனவர்கள் அவர்களில் அநேகம். அவர்களுக்குக் குடும்ப விசா இல்லை. பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள அமீரகம் கேட்ட சம்பளம் மாதம் நாலாயிரம் திர்ஹம், அல்லது வீட்டு வசதியோடு மூவாயிரம். பணிப்பெண்ணுக்கு அது எட்டாத தொகை. மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக் பிறந்தது 1988இல். 2005இல் சவூதிக்குப் போனபோது கடவுச்சீட்டில் இருந்த பிறந்த ஆண்டு 1982. உயர்தரம் எழுதும் வயதில் அந்தப் பிள்ளையின் தாளில் ஆறு வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. 2013 ஜனவரி 9இல் சவூதி அரசு அவரது தலையை வெட்டிற்று. புள்ளி பற்றியும் விண்ணப்பம் பற்றியும் இனி நாங்கள் எழுதப்போவது பிள்ளைகளைக் கூட வைத்திருக்க முடிந்தவர்களின் கதை. அதற்குள் அவர்கள் இல்லை என்பதை எழுதிவிட்டே மேலே போகிறோம்.

குடும்பத்தோடு இருக்க முடிந்தவர்களுக்குப் பிள்ளை பத்தாம் வகுப்பு வரும்வரை பெரிய பிரச்சினை எழவில்லை. இந்தியப் பாடசாலைகள் இருந்தன. டுபாயின் இந்தியன் ஹைஸ்கூல் 1961இலேயே தொடங்கியது. காசு கூடியவர்களுக்கு ஆங்கிலேயப் பாடத்திட்டப் பாடசாலைகள். மஸ்கற்றில் 1990இல் இலங்கைப் பாடசாலை ஒன்றும் உருவாயிற்று. பிரச்சினை பன்னிரண்டாம் வகுப்பின் வாசலில் நின்றது. அந்த நாடுகளில் பல்கலைக்கழகங்கள் இல்லாமல் இல்லை. ரியாதில் 1957இல், குவைத்தில் 1966இல், அல் ஐனில் 1976இல், கட்டாரில் 1977இல், ஓமானில் 1986இல் என்று வரிசையாக எழும்பின. அவற்றின் கட்டடங்களுக்குப் படம் வரைந்தவர்களிலும் கம்பி கணக்கிட்டவர்களிலும் எம்மவர் இருந்தார்கள். ஆனால் அவை அந்நாட்டுக் குடிமக்களுக்காக எழுந்தவை. வெளிநாட்டுத் தொழிலாளியின் பிள்ளைக்கு அங்கே இடம் அரிது. அரபு மொழி பேசி, அங்கேயே பாடசாலைகளில் படிப்பித்த பாலஸ்தீனியருக்கே குவைத்தில் பல்கலைக்கழக இடம் அளந்துதான் கொடுக்கப்பட்டது. எங்களுக்கு என்ன கிடைக்கும்?

இதன் பின்னால் விசா என்னும் இன்னொரு கதவு இருந்தது. அமீரகத்தில் தகப்பனின் பொறுப்பில் மகன் இருக்கக்கூடியது பதினெட்டு வயது வரை. அதற்குமேல் படித்துக்கொண்டிருந்தால் மட்டும் நீட்டிப்பு. மகள் மணமாகும்வரை இருக்கலாம். 2022 ஒக்டோபரில்தான் மகனுக்கான வயது 25ஆக உயர்ந்தது. அதற்கு முந்திய நாற்பது வருடத்தில் பதினெட்டு வயது என்பது எமது வீடுகளில் பிறந்தநாள் மட்டுமல்ல. சார்ஜாவில் பிறந்து, சார்ஜாவைத் தவிர வேறு ஊர் தெரியாத பையன் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வராவிட்டால் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியவன். பேராதனைக்கு இடம் கிடைக்காத தகப்பனுக்கு ஊரில் இருக்கவாவது முடிந்தது.

1990இல் குவைத்தில் இருந்தவர்களுக்கு இது எல்லாம் ஒரே நாளில் வந்தது. ஓகஸ்ட் 2இல் ஈராக்கியப் படை உள்ளே வந்தபோது அங்கே சுமார் ஒரு இலட்சம் இலங்கையர். கோடை விடுமுறை, பாடசாலைகள் பூட்டியிருந்தன, பெறுபேறு கையில் இருந்தவர்களும் இல்லாதவர்களுமாக ஜோர்தான் எல்லைக்குப் பஸ்களில் போனார்கள். பாலைவனக் கூடாரங்களில் நாட்கணக்காகக் காத்திருந்து விமானம் ஏறினார்கள். கொழும்பில் இறங்கிய யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு அடுத்த படி இல்லை: அந்த ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கிவிட்டது, யாழ்தேவி நின்றுவிட்டது. குவைத்தில் படித்த பாடத்திட்டத்தைத் தொடரக் கொழும்பில் சில தனியார் ஆங்கிலப் பாடசாலைகள். அதற்குக் காசு குவைத் வங்கியில். வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்து, லொட்ஜ் என்றும் பொலிஸ் பதிவு என்றும் அலைந்து, அந்த வருடத்துச் சோதனையைத் தவறவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று எவரும் எண்ணவில்லை. அவர்களிற் சிலரது மாவட்டம் எது? படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்ப அவர்களால் முடியவில்லை. மூன்று வருடம் எந்த மாவட்டத்திலும் படிக்கவில்லையே. வெளிநாட்டுப் பெறுபேற்றோடு வரும் இலங்கைப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் ஒரு தனிவழி உண்டு; அதன் அகலம் ஊசிக்காதளவு.

பிள்ளை எந்த நாட்டுக்குப் போவது என்பதை எட்டாம் ஒன்பதாம் வகுப்பிலேயே தீர்மானிக்க வேண்டியிருந்தது, ஏனெனில் எந்தச் சோதனை என்பது அதில் தங்கியிருந்தது. இந்தியப் பாடசாலையில் எம் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தில் ஒரு வழி வெட்டப்பட்டிருந்தது. வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியரின் பிள்ளைகள் என்று அண்ணா பல்கலைக்கழகத்திலேயே ஒரு பிரிவு. இந்தியத் தொழில்நுட்பக் கல்லூரிகளில் வழமையான இடங்களுக்கு மேலதிகமாக 15 வீதம் வெளிநாட்டவருக்கும் வம்சாவளியினருக்கும் வைத்து, அதில் மூன்றில் ஒன்றை இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கினார்கள். கட்டணமும் உள்நாட்டுக் கட்டணம். 2021 வரை அமெரிக்க எஸ்.ஏ.ரி. பாடச் சோதனைப் புள்ளியை வைத்து எடுத்தார்கள், அமெரிக்கர் அந்தச் சோதனையையே 2021இல் கைவிட்டபின் ஜே.ஈ.ஈ. நிலையை வைத்து எடுக்கிறார்கள். வளைகுடாவில் கழிந்த வருடத்தை ஒரு தகுதியாக அனுமதி விதியில் எழுதிவைத்த ஒரே நாடு எமக்குத் தெரிந்து இந்தியாதான். அதே பாடசாலை, அதே புள்ளி, இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் அதே கல்லூரியில் வெளிநாட்டவர் பிரிவு, கட்டணம் டொலரில். பத்து வருடம் பக்கத்தில் இருந்து படித்த இரண்டு பிள்ளைகள் தாங்கள் வேறு வேறு நாட்டவர் என்பதை விண்ணப்பப் படிவத்தில்தான் முதன்முதலாகக் கண்டார்கள். (மருத்துவம் வேறு கதை. நீட் சோதனைக்குக் குவைத்திலும் டுபாயிலும் மண்டபம் கொடுக்கவே 2021 ஆயிற்று.)

அமெரிக்கா, கனடா என்றால் டோஃபல். 1964இல் தொடங்கிய சோதனை. பழைய தாள் முறையில் 677க்கு 550 எடுத்தால் போதும் என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் சொல்லின. 1998இல் கணினிக்கு மாறியபோது அதே 550ஐ 213 என்றார்கள்; 2005இல் இணையத்துக்கு மாறியபோது அதையே 79 அல்லது 80 என்றார்கள். அண்ணனின் 213க்கும் தங்கையின் 80க்கும் என்ன உறவு என்று தெரியாமல் மகள் கெட்டுப்போனாள் என்று கவலைப்பட்ட தாய்மார் உண்டு. பிரித்தானியா என்றால் 1989இல் வந்த ஐ.ஈ.எல்.ரி.எஸ்.; 6.5 என்பது வழக்கமான கோடு. பாலர் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தில் மட்டும் படித்து, வீட்டில் தமிழ் எழுதத் தெரியாமல் வளர்ந்த பிள்ளை தனக்கு ஆங்கிலம் தெரியும் என்று காசு கட்டி நிரூபிக்க வேண்டும். ஆங்கிலம் பேசும் நாடுகள் என்று பிரித்தானியர் வைத்திருக்கும் பட்டியலில் இலங்கையும் இல்லை, அமீரகமும் இல்லை. தமிழ் தெரியாத பிள்ளையைத் தமிழ்ப் பிள்ளை என்று எழுதிக்கொண்டு போகும் படிவத்தை எங்களில் எவரும் கேள்வி கேட்கவில்லை. அதில் ஒரு சின்ன சந்தோஷமும் இருந்திருக்கலாம்.

புள்ளிகளை நாங்கள் விளங்கிக்கொண்டோம். விளங்காதது தன்விபரக் கட்டுரை. பிரித்தானிய விண்ணப்பம் 1961இலிருந்து ஒரு நடு அலுவலகம் வழியாகப் போனது. 1990களில் அது யூகாஸ் ஆயிற்று. அதில் பிள்ளை 4000 எழுத்துக்குள் தன்னைப்பற்றி எழுத வேண்டும். 2026இல் சேர்வோரிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். அமெரிக்கர் இன்னும் ஒருபடி மேலே போய் நீ யார், எது உன்னை இப்படி ஆக்கிற்று என்று கேட்டார்கள். எமது கல்வி மரபில் இப்படி ஒரு கேள்வி கிடையாது. யாழ்ப்பாணத்தில் நீ யார் என்ற கேள்விக்கு உனது சுட்டிலக்கம்தான் மறுமொழி. பெறுபேறு வந்த நாளில் பாடசாலை மதிலில் ஒட்டிய தாளில் நின்றது பெயரும் புள்ளியும் மட்டுமே. 249 எடுத்துப் பேராதனையைத் தவறவிட்டவரிடம் உன் கதையைச் சொல் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு புள்ளியை எங்கே தொலைத்தேன் என்றுதான் சொல்லியிருப்பார். அவரது மகள் இப்போது டுபாய் தேராவில் உட்கார்ந்து, என் ஊர் என்ற தலைப்பில் ஐந்நூறு சொல் எழுத வேண்டும். எந்த ஊர்? அவள் இரண்டு முறை விடுமுறைக்குப் போன, இராணுவ முகாமுக்குள் அகப்பட்ட மாவிட்டபுரத்து வளவா? விசா முடிந்தால் இல்லாமற்போகும் தேராவா? தகப்பன் தன் கதையை எழுதச் சொன்னார் சில வீடுகளில்: போர், குண்டு, இடப்பெயர்வு. அவள் அதைக் காணவில்லை. காணாததை எழுதமாட்டேன் என்று மறுத்த பிள்ளைகளை நாங்கள் அறிவோம். எங்களுக்கு அவர்கள்மேல் மரியாதை.

அனுமதி கிடைத்தபின் கட்டணம். மூன்று வருடம் இங்கேதான் மீண்டும் வருகிறது. பிரித்தானியாவில் வெளிநாட்டு மாணவருக்கு வேறு கட்டணம் என்ற பழக்கம் 1967இல் தொடங்கிற்று: உள்நாட்டவருக்கு 70 பவுண், வெளிநாட்டவருக்கு 250. 1980இல் தட்சர் அரசு முழுச் செலவையும் வெளிநாட்டு மாணவரின் தலையில் வைத்தது. எமது பிள்ளைகள் அங்கே ஓடத் தொடங்கியதும் அந்தப் பத்தாண்டில்தான். உள்நாட்டு மாணவர் யார் என்பதற்கு அளவு, படிப்புத் தொடங்குவதற்கு முந்திய மூன்று வருடம் அங்கே சாதாரண வதிவு. 'சாதாரண வதிவு' என்றால் என்ன என்று பிரபுக்கள் சபை 1982இல் ஷா எதிர் பார்னெட் வழக்கில் விளக்கிற்று: ஒரு நோக்கத்துக்காகச் சட்டபூர்வமாக, விரும்பி, வாழ்வின் ஒழுங்கான முறையாக ஓரிடத்தில் வாழ்வது, நிரந்தரமாக இருக்கும் எண்ணம் வேண்டியதில்லை. அந்த வரைவிலக்கணத்தை டுபாய்க்குப் பொருத்திப் பார்த்தால் எமது பிள்ளைகள் அங்கே அப்பட்டமான சாதாரண வதிவாளர். ஆனால் டுபாய் அதைக் கேட்கவில்லை, லண்டன் டுபாயின் வருடங்களை எண்ணவில்லை. பிரித்தானியக் கடவுச்சீட்டுக் கிடைத்தபின் நல்ல சம்பளத்துக்கு வளைகுடா போன லண்டன் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு விலக்கு உண்டு. தகப்பனின் தற்காலிக வேலையால் வெளியே இருந்தது என்று காட்டினால் அந்த வருடங்கள் லண்டனில் இருந்ததாகவே கணிக்கப்படும். ஒரே கட்டடத்தில் மூன்றாம் மாடிப் பிள்ளை லண்டனில் இருந்தவளாகவும், நாலாம் மாடிப் பிள்ளை எங்கும் இல்லாதவளாகவும் ஆனார்கள்.

ஆகவே குடும்பங்கள் செய்தது என்ன? பிள்ளைக்குப் பதிலாகத் தகப்பன் சோதனை எழுதினார். கனடா 1967இல் குடிவரவுக்குப் புள்ளிமுறை கொண்டுவந்தது. 2002இல் புதிய சட்டத்தோடு நூறுக்கு 75 சித்திப் புள்ளி என்றார்கள். 2003 செப்டெம்பரில் 67ஆகக் குறைத்தார்கள். மூத்த மகன் பத்தாம் வகுப்புக்கு வரும் வருடம் பார்த்து வளைகுடாவில் பல வீடுகளில் அந்தக் கணக்கு மேசையில் விரிந்தது. மொழிக்கு 24, அனுபவத்துக்கு 21, வயதுக்கு 10. கல்விக்கு 25. அதில் முதுமாணிக்கும் கலாநிதிக்கும் முழுப் புள்ளி. பாடசாலைக் கல்வியோடு நின்றவருக்கு ஐந்து. பொறியியற் புத்தகத்தை நித்திரையிலும் சொல்லக்கூடிய, ஆனால் 1970களில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற ஆளுக்கு முப்பது வருடம் கழித்து ஒட்டாவா ஐந்து புள்ளி போட்டது. இரவில் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்து படித்த சி.ஐ.எம்.ஏ. அப்போதுதான் சில பேரைக் கரைசேர்த்தது. தேறியவர்களின் பிள்ளைகள் வாட்டர்லூவிலும் யோர்க்கிலும் உள்நாட்டுக் கட்டணத்தில் படித்தார்கள். தகப்பன்மாரிற் பலர் குடும்பத்தை மிஸிஸாகாவில் இறக்கிவிட்டுத் தாங்கள் டுபாய்க்கே திரும்பிப் போனார்கள், ஏனெனில் கனடா அவரது படிப்புக்குப் புள்ளி கொடுத்ததே தவிர வேலை கொடுக்கவில்லை.

1993இல் வொலன்கொங் பல்கலைக்கழகம் டுபாயில் கிளை திறந்தது. 1995இல் டுபாய் அமெரிக்கப் பல்கலைக்கழகம், 1997இல் சார்ஜாவில் ஒன்று, 2000இல் பிலானி, 2005இல் ஹெரியட் வொட். கட்டாரின் கல்வி நகரத்தில் கோர்னெல்லும் கார்னெகி மெலனும் ஜோர்ஜ்ரவுணும். இவற்றில் எமது பிள்ளைகள் சேரலாம். காசு இருந்தால் யாரும் சேரலாம். அரச பல்கலைக்கழகங்கள் பிடித்துக்கொண்டிருந்த எம்சற் சோதனையையும் அமீரகம் 2024 நவம்பரில் கைவிட்டது. வெளியே போகத் தேவையில்லை என்ற நிலை முதன்முறையாக வந்திருக்கிறது. மகன் தகப்பனின் விசாவில் 25 வரை இருக்கலாம். உயர்நிலைச் சோதனையில் 95 வீதத்துக்கு மேல் எடுக்கும் மிகச் சிறந்த மாணவருக்கு ஐந்து வருடம் வதிவுரிமை தரும் பொன் விசாவும் உண்டு. தகப்பனின் ஸ்பொன்சர் அதற்கு வேண்டாம். புள்ளிக்கு நாட்டில் இருக்கும் உரிமையை நேரடியாகக் கொடுக்கும் முறை இது. மாவட்டம் கேட்கவில்லை, மொழி கேட்கவில்லை. 94.8 எடுத்த பிள்ளை ஒன்றின் வீட்டில் அண்மையில் மூன்று நாள் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. பேரனார் ரொறொன்ரோவிலிருந்து தொலைபேசியில் விசாரித்தார். அவர் 1971இல் 249 எடுத்தவர். மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்.